வால் துண்டுகள்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டா தெரியாது, அண்ணனுக்கு உண்டு. வேலையை முடித்து, மூடியைத் திருகி, கை துடைத்த பிறகும் உடனே கிளம்பிவிட மாட்டான். யாரையும் ஏற விடாமல் காலி லிஃப்டை ஒரு நடை மேலே அனுப்பி, ஒரு நடை கீழே இறக்கி, கதவோரம் காதை வைத்துக்கொண்டு நிற்பான். மாடி வீட்டுக்காரர்கள் பையும் கையுமாகக் காத்திருந்து பல்லைக் கடிப்பார்கள். இவன் அசைய மாட்டான். நாம போயிட்டோம்னு அது நினைக்கணும், அப்பத்தான் தன் இஷ்டத்துக்கு ஓடும் என்பான். என்னத்தைச் சொல்ல, லிஃப்டுக்கும் மனசு உண்டு என்று நம்புகிற ஆள்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு வீடியோ கேமரா கிடைத்தால் எப்படி இருக்கும்? அங்கேயும் அதே கதைதான். படம் எடுக்கும்போது வாயைத் திறக்க மாட்டான். பக்கத்தில் யாராவது பேசினால் முறைப்பான். கேமரா பிடிக்கிறவன் பேசினால் படம் பாழ் என்பது அவன் போட்ட சட்டம். எடுத்து முடித்ததும் "போதும்" என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் பொத்தானை அமுக்க மாட்டான். கேமரா அவன் கையில் தொங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தரை, செருப்பு, தலைகீழாக ஒரு வேலி, ஆகாயத்தில் ஒரு துண்டு. வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்கு நினைவு வந்து அணைப்பான். பிறகு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த "போதும்" முதல் மிச்சம் எல்லாவற்றையும் வெட்டி எறிவான். அந்த மிச்சத்துக்கு வால் என்று பெயர். "வாலை நறுக்கியாச்சு" என்று சொல்லிவிட்டுச் சோம்பல் முறிப்பான். அவன் படங்கள் எல்லாமே அப்படி வால் நறுக்கியவைதான்.

அண்ணனுக்கு ஒரு தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அதனால் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும் அவள் கால் தானாக அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்பும். கடையின் பின்னறையில் அவளுக்கு ஒரு மெஷின், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு ஜன்னல். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸை ஓரம் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிற வேலை. அவசரப்பட்டால் லென்ஸ் விரிசல் விட்டுவிடும், அவளுக்கோ அவசரம் என்பதே பிறவியில் கிடையாது. சின்ன வயசிலிருந்து எங்கே போனாலும் பின்தங்கி, எதையாவது பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். முன்னால் போகிற அண்ணன் திரும்பி நின்று கூப்பிடுவான், "நத்தை".

அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை அவன் ஒருத்தனுக்கு மட்டும்தான். அண்ணி ஒரு தடவை விளையாட்டாகக் கூப்பிட்டுப் பார்த்து, அவள் முகம் போன போக்கைக் கண்டு விட்டுவிட்டாள். அதனால் நாமும் மரியாதையாகத் தங்கை என்றே வைத்துக்கொள்வோம்.

போன மழைக்காலத்தில் அண்ணன் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள், கூடவே குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்றார் டாக்டர். உயிர் தப்பியதே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். அண்ணன் அதை ஒரே ஒரு முறை பேசிப் பார்த்தான், தன் முகத்தையே கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காதவன் மாதிரி அதை இழுப்பறையில் போட்டு மூடினான். அப்புறம் ஒரு வெள்ளைப் பலகை வந்தது, எழுதி எழுதி அழிக்கலாம். அவன் எழுதிக் காட்டுவான், அண்ணி பேனாவை வாங்கிப் பதில் எழுதுவாள், தங்கை அதன் கீழே எழுதுவாள். நாளாக ஆக ஆளுக்கொரு பேனா ஆனது. பகல் முழுக்க போனில் ஊர்ப்பட்ட புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை அண்ணிக்கு. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர ஆரம்பித்தாள். வீட்டில் பேனா உரசும் சத்தம்தான்.

தங்கைக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டால் போதும். லென்ஸ் தேய்க்கும்போது மெஷின் சத்தத்துக்குள் அது கேட்கிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்ப்பாள், தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருக்கும். அவன் வைத்திருந்தது பட்டன் போன், அதில் எதுவும் பதிவாகி இல்லை. மற்றவர்கள் எடுத்த வீடியோக்களில் அவன் வருகிற இடமெல்லாம் பாட்டை ஊற்றி வைத்திருந்தார்கள், உதடு மட்டும் அசைந்தது. அவன் எடுத்த படங்களிலோ, சொன்னேனே, சட்டம். அத்தனை வருஷப் படத்தில் அவன் குரல் ஒரு பொட்டுகூட இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் வெளியூரில் இருக்கிற அண்ணன் மகள் அப்பாவுக்குப் புது கம்ப்யூட்டர் அனுப்பினாள். பழசு ரொம்ப நாளாகவே இழுத்துக்கொண்டு கிடந்தது. அதில் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிவிடலாம். பாதியில் நின்றுவிடும், மீண்டும் முதலிலிருந்து. உள்ளே ஹார்டுடிஸ்க் கரகரவென்று ஏதோ மென்றுகொண்டிருந்தது. புதுசில் அதே சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் இருந்தது. தொட்டால் திறந்தது.

கம்ப்யூட்டர்காரர் வந்தார். ஜன்னலோர மேஜையில் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்கைச் சொறிந்துகொண்டு விளக்கினார். பழைய வெர்ஷன் புது கம்ப்யூட்டரில் ஓடாது. புது வெர்ஷன் பழைய படங்களைத் திறக்கும், தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும், நல்ல சுத்தமாகவே மாற்றும். ஆனால் படத்தில் இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வெட்டி ஒதுக்கியதை எல்லாம் விட்டுவிடும். ஒருமுறை மாற்றிவிட்டால் முடிந்தது, பழைய டிஸ்க் அந்த வேலையின் சுமை தாங்காமல் கண்ணை மூடினாலும் மூடும்.

"வெட்டினது எங்க இருக்கு? அதுதான் வெட்டியாச்சே" என்று தங்கை கேட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் வாய்விட்டுக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான், அதுவும் வெளியாளிடம்.

கம்ப்யூட்டர்காரர் பழைய வெர்ஷனில் ஒரு படத்தைத் திறந்து, ஒரு துண்டின் ஓரத்தை மவுஸால் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினார். துண்டு நீண்டது. மறைந்திருந்த தரை ஒன்று திரையில் எட்டிப் பார்த்தது. அவர் விட்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டது. "வெட்டினா போயிடாதுங்க. மடிச்சு உள்ள வெச்சிருக்கும், அவ்வளவுதான்."

தங்கைக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. படம் எடுக்கும்போது பேசாதவன் வால் ஓடும்போது பேசியிருப்பானே. கேமரா ஓடுவதே மறந்துபோய் நடந்தவன், பக்கத்தில் வருகிறவளிடம் பேசாமலா இருந்திருப்பான்? கேமராவின் டேப்பில் தேடலாம் என்றால், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பில் மறுபடியும் படம் எடுப்பதுதான் அவன் வழக்கம், சிக்கனத்தின் சிகரம். ஆக, அண்ணன் குரல் இந்த உலகத்தில் இருக்குமானால் இந்த இருமுகிற பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

அவள் பலகையை எடுத்து எழுதினாள், பழசே இருக்கட்டும் என்று. அண்ணன் அழித்துவிட்டு எழுதினான், புதுசு வேண்டும். ஏன் என்று இவள். அவன் பதில் எழுதாமல் புது கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஒரு கட்டத்தில் ஏதோ அடித்து, ஒரு பொத்தானைத் தொட்டான். செய்தி வாசிப்பவரைப் போல ஒரு ஆண்குரல் திருத்தமாகச் சொன்னது. "வணக்கம். இது எங்கள் வீடு. இந்த ஜன்னலில் மாலை வெயில் வரும்."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். புது வெர்ஷனில் எழுதினால் படித்துக் காட்டும். ஏழெட்டு குரல் இருந்தன, அவன் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தான். வாழ்நாளெல்லாம் ஊமைப் படமாக எடுத்தவனுக்கு இப்போது அவற்றின் மேல் பேச வேண்டுமாம், யார் யார், எங்கே, எதற்குச் சிரித்தார்கள் என்று சொல்ல வேண்டுமாம். சொல்ல நிறைய இருக்கிறது என்று பலகையில் எழுதி, நிறைய என்பதன் கீழே கோடும் போட்டான்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில் எந்த பிளாட்பாரம் என்று சொல்கிற குரல் எனக்கு அண்ணனா என்று எழுதினாள். அவன், இருக்கிறது இதுதான் என்று எழுதினான். இவள், பழசில் உன் குரல் இருக்கிறது என்று எழுதினாள். அவன் சின்ன எழுத்தில், அதை நானேதான் வெட்டினேன், வேண்டாம் என்று எழுதினான். பேனாக்கள் பறந்தன. பலகை கறுப்பாகிவிட்டது. அண்ணி துணியோடு வந்து துடைத்துவிட்டு, வந்தவருக்கு டீ என்று எழுதி அவர் முன்னால் நீட்டினாள். அந்த மனிதர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பாவம். பேனாவை வாங்கி, வேண்டாம் நன்றி என்று எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதற்குள் முடிவு செய்யுங்கள் என்பதையும் எழுதியே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் வம்பே. அவனுக்குப் பேச ஒரு குரல் வேண்டும். அவளுக்குக் கேட்க ஒரு குரல் வேண்டும். இரண்டும் ஒரே மேஜையில் ஒரு சாண் இடைவெளியில் உட்கார்ந்திருந்தன.

சனிக்கிழமை தங்கை கடையில் இருந்தாள், ஆனால் இல்லை. ஒரு முதியவருக்கான கனமான லென்ஸைக் கழுவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே இருந்த தெரு அதற்குள் தலைகீழாகத் தொங்கியது. சைக்கிள்கள் மேலே ஓடின, மரம் கீழ்நோக்கி வளர்ந்தது, ஆகாயம் அடியில் குளமாகத் தேங்கி நின்றது. அவள் கை தளர்ந்து, தெரு மெதுவாக ஆடியது. அண்ணன் கையில் கேமரா தொங்கும்போது இப்படித்தானே ஆடும் என்று நினைத்தாள். முதலாளி வந்து தொண்டையைச் செருமியபோதுதான் பூமிக்கு வந்தாள். தலைவலி என்று ஒரு பொய் சொல்லி மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள், வழக்கமான பரிசோதனைக்கு. சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. திரைச்சீலையை இழுத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். அது முனகியது, திரை வெளுத்தது, மறுபடி இருண்டது. கடவுளே, இன்றைக்கு மட்டும் என்றாள். அதற்குக் காது கேட்டதோ என்னமோ, மெல்லத் திறந்தது.

முதல் படம், ஆற்றுப் பாலம். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மகள் குட்டிப் பெண், கை ஆட்டுகிறாள், முடிகிறது. தங்கை அந்த முடிவின் ஓரத்தைப் பிடித்தாள். அவள் விரல் லென்ஸ் ஓரங்களைத் தொட்டுப் பழகிய விரல், எவ்வளவு மெல்ல இழுக்க வேண்டுமோ அவ்வளவு மெல்ல இழுத்தாள். "போதும்" என்றது ஒரு குரல்.

அவள் கை வாயைப் பொத்தியது. அவ்வளவுதான், ஒரு வார்த்தை. கொஞ்சம் கரகரப்பாக, மூக்கால் கொஞ்சம். மறந்தே போயிருந்தாள், மூக்கால் பேசுவான் என்பதை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கேட்க முடியாது என்று அடக்கிக்கொண்டாள்.

அவள் மேலும் இழுத்தாள். ஆகாயம் சாய்ந்து விழுந்தது, பாலத்தின் பலகைகள் வந்தன, இடுக்குகளில் தண்ணீர் பச்சையாக மின்னி மின்னிப் போனது. இரண்டு ஜோடிக் கால்கள். பெரிய செருப்பு முன்னால், சின்ன செருப்பு கொஞ்சம் பின்னால். அப்புறம் யாரோ பேச ஆரம்பித்தார்கள். பேச்சு என்றால் பேச்சு, மூச்சு விடாத பேச்சு. கண்ணாடிக் கடையில் புதுசாகச் சேர்ந்தது, முதலாளி இந்தப் பெண் லென்ஸுக்குப் பதில் தன் மூக்கையே தேய்த்துவிடுவாளோ என்று பயப்படுவது, எதிர்க் கடைப் பூனை. யாருடா இது இந்த வாயாடி என்று பார்த்தால், அது அவளேதான். அந்தப் பேச்சு மழையின் நடுவே எங்கேயோ ஒரு இடைவெளியில், மூக்கால் ஒரு சொல்.

"அப்புறம்?"

உடனே மழை மீண்டும் பிடித்துக்கொண்டது.

அடுத்த படம், அடுத்த வால். மாடிப்படி ஜன்னலில் மழை வழிந்து இறங்குகிறது, படிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போகின்றன, அவள் பேசுகிறாள். "அப்புறம்?" பள்ளிக்கூட மைதானத்தில் மரங்கள் எல்லாம் வேரை ஆகாயத்தில் நட்டு நிற்கின்றன, அவள் பேசுகிறாள். "அப்புறம்?" வீடு மாறிய நாள், காலி அறையின் தரையில் கேமராவை வைத்துவிட்டு இருவரும் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள், கால் மட்டும் தெரிகிறது, திரைச்சீலை இல்லாத ஜன்னலிலிருந்து வெயில் ஒரு பாய் அளவுக்குத் தரையில் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அவள் பேசுகிறாள். வெயில் நகர்கிறது. "அப்புறம்?"

அறைக்குள் நேரம் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலும் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. எந்த வெயில் எந்த வருஷத்தது என்று குழம்பியது. வாலுக்கு மேல் வாலாக இழுத்துக்கொண்டே போனாள். பெயர் எங்கே? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடவா கூப்பிடவில்லை? கோபம் வந்தது, முதலில் அவன் மேல், அப்புறம் தன் மேல். இந்த வாயைக் கொஞ்சம் மூடியிருந்தால் அந்த மனுஷன் நாலு வார்த்தை பேசியிருப்பானே என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள்.

கடற்கரைப் படம் வந்தது. அது அவளுக்கு நினைவிருந்தது, கல்யாணத்துக்கு முந்தைய மாதம். வாலில் ஈர மணல், இரண்டு ஜோடி வெறுங்கால்கள். மாப்பிள்ளை கப்பல்காரர் என்று அந்தப் பெண் சொல்கிறாள். பாதி நாள் இருக்க மாட்டாராம் என்கிறாள். "அப்புறம்?" நல்லவர்தான், சிரிச்ச முகம் என்கிறாள். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. பயமா இருக்கு" என்றது அவள் குரல்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அலை வந்து போகும் சத்தம் மட்டும். சின்னக் கால்கள் நின்றுவிட்டன. பெரிய கால்கள் ரெண்டு எட்டு முன்னே போய், நின்று, திரும்பின. திரும்பி வந்து சின்னக் கால்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டன. கூப்பிடவில்லை. தண்ணீர் நாலு பாதங்களையும் மூடியது, வடிந்தது, மறுபடி மூடியது. அவை நகரும்வரை இவையும் நகரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கூப்பிடுவது எட்ட நிற்கிறவளை. பக்கத்திலேயே நடக்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும்? இந்த வால்களில் எல்லாம் அவள் அவன் பக்கத்தில் இருந்தாள். அதனால்தான் அந்தப் பெயர் ஒன்றிலும் இல்லை. அடக்கி வைத்திருந்த அழுகை அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

கதவருகில் ஏதோ அசைந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. கழுத்தைச் சுற்றிய துணியைக் கை தன்னையறியாமல் பிடித்திருந்தது. திரையில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மெல்ல வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை வாங்கி, அந்த வாலை இன்னொரு தடவை ஓடவிட்டான். தன் குரலை முதல் முறையாகக் கேட்கிறவன் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டான், லிஃப்ட் கதவில் காதை வைப்பானே, அதே மாதிரி. அந்தப் பெண்ணின் வாயாடித்தனம் வந்த இடத்தில் அவன் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தான்.

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேஜையில் கிடந்த பேனாவையும் ஒரு காகிதத்தையும் எடுத்தாள். மன்னிச்சுக்கோ, கேட்காம திறந்துட்டேன் என்று எழுதத்தான். ம என்று தொடங்கும்போதே அண்ணன் அவள் விரல்களிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். மூடியைப் போட்டான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு புது கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அடித்தான். பொத்தானைத் தொட்டான்.

"நத்தை" என்றது அந்தக் குரல். திருத்தமாக, செய்தி வாசிப்பவர் மாதிரி. ஒரு மூச்சு இடைவெளி விட்டு, "அப்புறம்?"

அவள் பதில் எழுத இன்னொரு பேனாவைத் தேடினாள். அண்ணன் தன் காதைத் தொட்டுக் காட்டினான். ஒரு காதை, பிறகு இன்னொரு காதை. இரண்டும் நல்லாத்தான் இருக்கு என்கிற மாதிரி.

அடப்பாவமே. அவனுக்குப் போனது குரல்தானே, காதா போனது? மழைக்காலத்திலிருந்து ஒரு வீடே அவனிடம் எழுதிக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள், ஆளுக்கொரு பேனா வாங்கி வைத்துக்கொண்டு. இவ்வளவு நாளும் அவனுக்குக் குரல் இல்லையே என்று அவள் மருகியபோது, அவன் அவள் குரல் இல்லாமல் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத அளவுக்கு அன்பாகவும் இருந்தது.

"முதலாளி இன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்து வந்தது. அண்ணன் காத்திருந்தான். "முதலாளிகிட்ட தலைவலின்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன் அண்ணா."

அவன் விரல் பொத்தானைத் தொட்டது. "அப்புறம்?"

அப்புறம் என்ன, மழைதான். எதிர்க் கடைப் பூனையின் பேத்தி, கப்பலிலிருந்து வந்த போன், வீட்டுக்கார அம்மாவின் மூட்டுவலி, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுக்காகக் காத்திருந்தபோது அவள் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டாள் என்பது, அவன் கண்விழித்த நாளில் ஓடிப்போய்க் குளியலறையில் அழுதது. மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது அத்தனையும். பேசிக்கொண்டே இருவருமாகப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு வேலையும் செய்தார்கள். யோசனை அண்ணனுடையது. அவனே ஒரு துண்டின் ஓரத்தை முழுவதும் இழுத்து, அப்படியே விட்டுவிட்டு, அவளைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. படத்தில் இருப்பதைத்தானே புது வெர்ஷன் எடுத்துக்கொள்ளும்? வால் மடிந்து கிடந்தால்தானே விட்டுவிடும்? எல்லா வாலையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டால் அவையும் படம்தானே. ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டிய வேலை, பழைய வெர்ஷனில் மட்டுமே முடிகிற வேலை, நத்தைக்கென்றே வைத்த வேலை. நாளைக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்து தாராளமாகப் புதுசுக்கு மாற்றிக்கொள்ளட்டும். படத்தின் மேல் அண்ணன் புதுக் குரலில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், "போதும்" வரைக்கும். அதற்குப் பிறகு வருவது அவன் காதுக்கு உரியது.

அண்ணி வாசலில் வந்து நின்றாள், கையில் பலகை, அதில் டீ என்று எழுதி ஒரு கேள்விக்குறி. உள்ளே கேட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பேரையும் பார்த்தாள், திரையில் நீளும் கடலைப் பார்த்தாள், தன் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். அதை மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்தாள்.

"டீ போடவா?" என்றாள். தன் வீட்டில் தன் குரலைக் கேட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள்.

அண்ணன் தலையாட்டினான். பழைய கம்ப்யூட்டர் நடுவில் ஒரு தரம் நின்று, இருமி, ஓடியது. தங்கை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, தொண்டை காய்ந்து, இனி சொல்ல ஒன்றும் இல்லை என்று கையை விரித்தாள். அண்ணன் கையை நீட்டிப் பொத்தானைத் தொட்டான்.

"அப்புறம்?"

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.